துளசி செய்த வீண்செலவு

என் கண்ணே, என் வயிற்றெரிச்சலே, துளசி!

இப்படி ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் பிடித்துக்கொண்டது. ஹேடோவில் நம் குவார்ட்டர்ஸ் தகரத்தில் இப்போதும் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கிறது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பலகைச் சுவர் இருக்கிறதே, பழக்கதோஷத்தில் தட்டிவிடுகிறேன். அந்த வீட்டில் இப்போது தம்பி மட்டும்தான், அவனும் வார்ஃபில் கப்பல் வேலைக்குப் போன நேரமாக இருக்கும். பதிலுக்கு யார் தட்டுவார்கள்?

எதற்கடி இத்தனை நாள் கழித்துக் கடிதம் என்று கேட்பாய். நம் தமிழ் மன்றத்து ஆண்டு மலரில் இந்தத் தடவை பெண்கள் பக்கம் என்று ஒன்று போடுகிறார்களாம். 'அன்றாட வீண்செலவுகளும் அவற்றைக் குறைக்கும் வழிகளும்' என்று எழுதித் தரச்சொல்லி, செயலாளர் வீடு தேடி வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அடுத்த வாயிலேயே அந்த மனுஷன் சொல்கிறார்: "துளசியம்மா இருந்திருந்தா அவங்களையே கேட்டிருப்போம். நீங்க கூடவே இருந்தவங்க. உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்ல?"

கொஞ்சமாம்! அவருக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளேன்.

அன்றைக்கே ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் உன்னிடம் கற்றுக்கொள்ளாத வழி ஒன்றாவது இருக்க வேண்டும். இது சிவகாமியுடையது, இதில் துளசிக்குப் பங்கு இல்லை என்று நான் நெஞ்சைத் தட்டிச் சொல்ல ஒன்றே ஒன்று. அதிகமாகவா கேட்கிறேன்?

உட்கார்ந்து யோசித்தேன். முதலில் உப்பு வந்து நின்றது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிக்கனம் என்றாலே மொத்தமாக வாங்குவதுதான். அறுவடை கழிந்தால் நெல், மிளகாய், புளி, உப்பு எல்லாம் வருஷத்துக்கு ஒரே தடவையாக வீட்டில் இறங்கிவிடும். அன்றாடம் கடைக்கு ஓடுகிறவளைப் பார்த்து ஊரே உதட்டைச் சுழிக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவள் நான். வந்த புதிதில் உப்பை மூட்டையாக இறக்கினேன், மிளகாயையும் பருப்பையும் மூட்டையாக இறக்கினேன். நீ அப்போதுதான் என் கொழுந்தன் தம்பியைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தாய். இங்கேயே சிப்பிகாட்டில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த காலத்திலேயே இந்தத் தீவுக்கு வந்த குடும்பம். பாதி தமிழ், பாதி ஹிந்தி. 'இவளா எனக்கு ஓரகத்தி' என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சமயம்.

மழை பிடித்ததும் என் உப்பு மூட்டை அழ ஆரம்பித்தது. அழுது அழுது தண்ணீராக ஓடிப் பலகைச் சுவருக்கு அடியில் புகுந்து உன் அடுப்படிக்கே வந்துவிட்டது. நீ ஓடிவந்து நின்று பார்த்தாய். "அரே அக்கா, பாகலா நீங்க? கடல்தான் வாசல்லயே கெடக்கே, அதை எதுக்குக் காசு குடுத்து மூட்டையில வாங்குனீங்க?" பாகல் என்றால் பைத்தியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மிளகாய் பூசணம் பூத்துவிட்டது. பருப்பு மூட்டையைத் தட்டினால் பருப்பைவிட வண்டு அதிகம் பறந்தது.

உன் வீட்டில் உப்பு, கொட்டாங்கச்சியில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது. கப்பலுக்குக் கப்பல் வேண்டியது மட்டும்தான் வாங்குவாய். இந்த ஊர் ஈரத்தில் மொத்தமாக வாங்குவதுதான் ஊதாரித்தனம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீதான். ஆக, உப்பு உன் கணக்கில் போய்விட்டது.

சரி, தேங்காயெண்ணெய் என்று ஆரம்பித்தேன். மெயின்லேண்டிலிருந்து லேபிள் ஒட்டி வருகிற பாட்டில் எண்ணெய்தான் தலைக்கு நல்லது என்று பெருமையாக வாங்கி அலமாரியில் நிறுத்தியிருந்தேன். நீ அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்ம ஊரு தேங்காயேதான் அக்கா கப்பல் ஏறிப் போய், டிக்கெட் காசையும் சேத்துக்கிட்டு பாட்டில்ல திரும்பி வருது." சொல்லிவிட்டுப் போய், கொல்லையில் விழுந்த தேங்காயை உடைத்துக் காயப்போட்டாய். அதை ஆட்டிய எண்ணெய்தான் கடைசிவரை என் தலைக்கு. உன் கூந்தல் முட்டிக்கால் வரை, என்னுடையது எலிவால். ஒரே எண்ணெய்தானே பூசினோம்? அதில்கூட எனக்கு ஓரவஞ்சனை.

அப்புறம் ஸ்டவ். எதிர்வரிசை வீட்டில் பம்ப் ஸ்டவ் வாங்கினார்கள் என்று நானும் அடம்பிடித்து வாங்கினேன். உப்புக்காற்றில் துருப்பிடித்தது. அதன் அடைப்பைக் குத்துகிற ஊசி வேண்டுமென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் அதே கதை. நீயோ மர மில்லில் கழிவு விலைக்குத் தருகிற துண்டுக்கட்டையை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் மூன்று வேளையும் சமைத்தாய். ஸ்டவ்வை என்ன செய்வது என்று நான் முழித்தபோது, "சலேகா அக்கா" என்று வாங்கிக்கொண்டு போய் அதன் பித்தளைத் தொட்டியில் மண்ணைப் போட்டுப் புதினா வைத்தாய். சலேகா. ஓடும், போதும், சமாளிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் உனக்கு அந்த ஒரு சொல். உடைந்த பெட்டிப் பலகையில் அலமாரி அடித்தாய், மாவுப் பையைப் பிரித்துத் தலையணை உறை தைத்தாய். காசு போட்டு வாங்கிய என் வீட்டைவிட உன் வீடு எப்படியடி லட்சணமாக இருந்தது? வருகிறவர்கள் எல்லாம் என் வாசலைத் தாண்டிப்போய் உன் வீட்டில்தானே உட்கார்ந்தார்கள்!

டீ விஷயத்தை நான் எழுதவே மாட்டேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வார்ஃபில் வேலை செய்கிறவர்கள் கடை டீக்கும் வடைக்கும் கொடுக்கிற காசில் ஒரு குடும்பமே நடத்தலாம் என்று நீ ஒரு பாட்டிலில் இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஊற்றி, துணி சுற்றி தம்பியிடம் கொடுத்து அனுப்பினாய். அதை அண்ணனும் தம்பியும் பங்குபோட்டுக் குடித்தார்கள். சாயங்காலம் என் வீட்டுக்காரர், உன் அத்தான், வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்: "டீன்னா அது டீ. துளசி கைப்பக்குவம் வராது." அடுத்த நாள் நான் ஏலக்காய் போட்டு, பாலும் கூடுதலாக ஊற்றிக் கொடுத்துவிட்டேன். பாட்டில் நிறைய அப்படியே திரும்பி வந்தது. "துளசிதான் குடுத்து விடுதாளே, நீ வேற எதுக்கு வீணாப் பண்ணுத?" என்றார். என் டீ வீண்செலவாம்! அன்றைக்கு ராத்திரி உன் வீட்டுப் பக்கமே திரும்பிப் படுக்கவில்லை.

கப்பல் வந்தால் நம் வரிசையில் காசு யார் கையிலும் நிற்காது, உனக்குத் தெரியாததா? அடுத்தது எப்போது வருமோ என்ற பயம். வேண்டியதோ வேண்டாததோ, வெங்காயத்திலிருந்து வளையல் வரை அள்ளிக்கொண்டு வருவோம். நீ மட்டும் கப்பல் வந்த நாளில் துணி துவைத்துக்கொண்டிருப்பாய். நாலைந்து நாள் போகட்டும் என்று இருந்து, மூட்டை அடியில் வெங்காயம் முளைவிட்டுக் கடைக்காரன் தள்ளிவிட்டால் போதும் என்று நிற்கும்போது போவாய். நல்லதைச் சாம்பாருக்கு எடுப்பாய். முளைத்ததை மண்ணில் ஊன்றித் தாள் கிள்ளுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்பதும் காசு மாதிரிதானே, சிலர் கையில்தான் தங்குகிறது.

இப்படிப் பார்த்தால் கட்டுரை முழுக்க நீதான். எதைத் தொட்டாலும் அடியில் உன் சிரிப்பு.

உன்னிடம் எனக்குப் புரியாத ஒரு விஷயமும் இருந்தது. உன் கோழிகள். குருணையைத் தின்றுவிட்டு ராஜாத்திகள் மாதிரி முட்டை போட்டுத் தள்ளின. ஆனால் உன் வீட்டில் முட்டை வேகிற வாசனையே வந்ததில்லை. தம்பியும் 'முட்டையா? எங்க வீட்டுலயா?' என்பான். உன்னைக் கேட்டால், "முட்டைக்கு வேற வேலை இருக்கு அக்கா" என்று நழுவிவிடுவாய். சிறுகச் சிறுக விற்றுத் தங்கச் சங்கிலிக்குச் சேர்க்கிறாய் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் உன் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே கறுப்புமணிதான். சாமர்த்தியக்காரி, எங்கேயோ பதுக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போகட்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்கும் ஒன்று கிடைத்தது துளசி! பேரம்.

பஜாரில் பாதிக்கடையில் ஹிந்தி. நீ புகுந்து விளையாடுவாய். நானோ ஊமைபோல விரலை நீட்டி, கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவேன். நம் சேகு பாய் கடை ஒன்றுதான் எனக்கு ஊர். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், தமிழில் சண்டை போடலாம். நான் ஆரம்பித்தால் எப்படிப் பேசுவேன் என்று நீ கேட்டதுண்டே. "என்ன பாய், பருப்பு என்ன பவுனா?" என்பேன். "கட்டுபடியாகாது தங்கச்சி" என்பார். நான் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்குவேன். "வாங்க, வாங்க, உங்ககிட்ட ஜெயிக்க முடியுமா?" என்று கூப்பிடுவார்.

வந்ததும் சுவரைத் தட்டி உன்னைக் கூப்பிடுவேன். "ஏட்டி, நீ பருப்பு என்ன விலைக்கு வாங்குன?" நீ சொல்வாய். நான் என் விலையைச் சொல்வேன். நீ நெற்றியில் அடித்துக்கொள்வாய். "எப்படி அக்கா? எங்கிட்ட அந்தாளு ஒரு பைசா குறைக்கலையே!" அப்பாடா, அந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை மழையில் நனைந்து போயிருக்கிறேன் தெரியுமா? அன்றைக்கு உனக்கும் சேர்த்துப் பணியாரம் சுடுவேன். உன் அத்தானிடம் எரிந்து விழமாட்டேன். "இன்னைக்கு என்ன, வீடு வீடா இருக்கு?" என்று அவரே கேட்பார்.

அதை எழுதிவிட்டேன். கட்டுரையின் உச்சியிலேயே. 'நாவன்மை உள்ள பெண்ணுக்குக் கடைக்காரர் விலையைக் குறைத்தே தீர வேண்டும். இதை நான் பல்லாண்டுகளாகச் சாதித்து வருகிறேன்.' படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. பாய் வாயாலும் ஒரு வார்த்தை வாங்கிப் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று போன வாரம் கடைக்குப் போனேன்.

பாய் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எங்கிட்ட நீங்க தோத்த கதையை ஒரு வரி சொல்லுங்க பாய், அச்சுல வரப்போகுது" என்றேன். அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"அதை மட்டும் எழுதாதீங்க தங்கச்சி."

"ஏன், கௌரவம் போயிருமோ?"

"அதில்ல. பொய்யை அச்சுல ஏத்தக் கூடாதுல்ல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "யாரு பொய் சொல்லுதா?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லமாட்டேன்னு அந்தப் புள்ளைக்கு வாக்குக் கொடுத்தேன். மவுத்தாப் போனவங்க நம்பி விட்டுட்டுப் போன அமானிதம், கட்டிக் காக்கணும்தான். ஆனா நீங்க எழுதி ஊரெல்லாம் படிச்சா, அந்தப் பொய் என் தலையில. உங்களுக்குக் குறைச்ச விலைக்கெல்லாம் துளசிதான் தங்கச்சி முட்டை கொண்டாந்து கொடுத்துச்சு. வாரம் தவறாது. நீங்க வந்துட்டுப் போன மறுநாள் கூடையோட வந்து நிக்கும்."

கடை வாசலில் இருந்த அரிசி மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு?" என்றேன். வேறென்ன கேட்க?

"நானும் அதையேதான் கேட்டேன். 'அக்கா ஊரைவிட்டு வந்தவங்க பாய். அங்க அவங்க கெட்டிக்காரி. இங்க அவங்க செய்றதெல்லாம் தப்பாவே போகுது, எல்லாரும் என்னையவே சொல்றாங்க. அவங்க மூஞ்சி வாடிப்போகுது. ஒரு இடத்துலயாவது ஜெயிக்கட்டும். ஜீத்னே தோ பாய், ஜெயிக்க விடுங்க'ன்னுச்சு." பாய் துணியை உதறித் தோளில் போட்டார். "அது போனப்புறம் நானும் நிறுத்தல. நீங்க பையை மடிச்சுக்கிட்டுப் படியிறங்குறப்போ, அந்தப் புள்ளை அங்கன நின்னு சிரிக்கிற மாதிரியே இருக்கும்."

நான் எதுவும் வாங்கவில்லை. பஸ்ஸுக்கும் நிற்கவில்லை. ஹேடோ வரை நனைந்துகொண்டே நடந்தேன். முதலில் அழுகை வரவில்லை துளசி, கோபம்தான் வந்தது. அடி பாவி, எனக்கென்று இருந்தது அது ஒன்றுதானே! அதையும் நீயே பொரித்துக் கொடுத்தாயா? நெற்றியில் அடித்துக்கொண்டாயே, "எப்படி அக்கா, எப்படி அக்கா" என்று கண்ணை விரித்தாயே, அவ்வளவும் நடிப்பா? உன் வாய்க்கும் தம்பி வாய்க்கும் முட்டை இல்லாமல், உன் கழுத்துக்கு ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல், என் வாய்ச்சவடாலுக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொன்னவள் செய்கிற காரியமா இது?

வீட்டுக்கு வந்து ஈரப்புடவையோடு உன் கோழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீ போனதிலிருந்து அவை என் கொல்லையில்தான். இத்தனை நாளும் வாய் கூசாமல் அவற்றின் முட்டையை நான் பொரித்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

செத்தவளைப் பார்த்து வயிறெரிகிற பொம்பளை இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முன்னே உன் கைப்பக்குவத்துக்கும் கூந்தலுக்கும் பொறாமைப்பட்டேன். இப்போது பார், உன் மனசுக்குப் பொறாமைப்படுகிறேன். ஒருத்தரை ஜெயிக்க விட்டுவிட்டு அதை மூச்சு விடாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியுமா? நான் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தாலே வரிசை முழுக்கத் தெரியும். இதில் எப்படியடி நான் உன்னை எட்டிப் பிடிப்பேன்? நீ ஆட்டம் முடிந்து எழுந்து போய்விட்டாயே!

கட்டுரையைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் செயலாளரிடம் கொடுக்கப் போகிறேன். போட்டால் போடட்டும். படிக்கிறவர்களுக்கு உப்பும் எண்ணெயும் விறகும் வெங்காயமும் இதிலேயே இருக்கிறது, எல்லாம் உன் பேரில். அந்தக் காபிக்கு இதுதான் சர்க்கரை என்று அவர் வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று மறுபடி சேகு பாய் கடைக்குப் போனேன். "முட்டைக் கணக்கெல்லாம் முடிஞ்சுது பாய். இனிமே எல்லாருக்கும் சொல்லுற விலையச் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றேன். சொன்னார். பேசினேன். பவுனா என்றேன், பித்தளையா என்றேன், பையை மடித்துப் படியிறங்கினேன். பாய் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். தோற்றுவிட்டேன் துளசி. அதைச் சொல்லவும் நீ இல்லை.

ஆனால் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அடுத்த கப்பலோ அதற்கடுத்த கப்பலோ, அந்த மனுஷனிடம் என் சொந்த வாயால் பேசி, நிஜமாகவே ஜெயிப்பேன். அன்றைக்குத் தம்பி வேலைக்குப் போனதும் பலகைச் சுவரைத் தட்டி உனக்கு விலையைச் சொல்வேன். நீ எங்கே இருந்தாலும் நெற்றியில் அடித்துக்கொண்டு, "எப்படி அக்கா?" என்று கேட்க வேண்டும். இந்தத் தடவை நடிக்கக் கூடாது.

உன்மேல் பொறாமை தீராத,
உன் ஓரகத்தி அக்கா,
சிவகாமி